கொல்லிமலை மேல் ஒரு கப்பல் கக்கூஸ்

யுத்தம் முடிந்தும் ரேஷன் கடை வரிசை முடியாத இந்த நாளில், "கொல்லிமலைக்கு ஒரு நடை போய்வரலாமென்று இருக்கிறோம், வழி சொல்லுங்கள்" என்று நாலு பேராவது என்னைக் கேட்டுவிட்டார்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள். நாமக்கல் வட்டாரத்தில் அந்த மலையை என்னைப்போல் ஏறியவன் இல்லை. ஏறியது ஒரே தடவைதான். ஆனால் ஒழுங்காக ஏறினேன்.

நான் போனது யுத்தத்துக்கு முந்தி, ஒரு கார்த்திகை மாதம். மண்ணெண்ணெய் கேட்ட அளவுக்குக் கிடைத்த காலம். யுத்த நாளைப்போல் பஸ் அடுப்புக்கரிப் புகையில் ஓடாமல் பெட்ரோலில் ஓடிய காலம். நினைத்தால் இப்போதும் அந்தப் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறுகிறது. அதற்குப் பின்னாலேயே அந்த மலைக்குளிரும் வந்து நிற்கிறது. ஊர் பார்க்கவோ சாமி கும்பிடவோ நான் போகவில்லை. ஒரு கக்கூஸைப் பழுதுபார்க்கப் போனேன். இப்போதே சிரிக்க வேண்டாம்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்துபோனதால் அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம் சென்னைப் பட்டணம் போய்த் துறைமுகத்தில் ஒரு நீராவிப் படகில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் உத்தியோகம். படகு என்றால் நம் ஊரில் பரிசல் என்று நினைப்பார்கள், அதனால் கப்பல் என்றே சொல்லிவந்தேன். என்னைக் கேட்காமல் தலைமை மாலுமி நங்கூரம் எடுக்க மாட்டார். ஊர் திரும்பிய பிறகு, "கப்பக்கார மாமா" என்றால் சேந்தமங்கலம் சந்தையில் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

அந்தச் சந்தையில்தான் சடையன் என்னைப் பிடித்தான். மிளகு விற்க இறங்கிவந்த மலைக்காரன். மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் காவல்காரன்.

"ஏனுங்க, கப்பல்ல வேலை பாத்தவரு நீங்கதானுங்களா?"

"ஆமா. எந்தக் கப்பல்னு கேளு."

"எந்தக் கப்பலா இருந்தாலுஞ் சரிங்க. கப்பல்ல கக்கூசு இருக்குமுங்களா?"

விஷயம் இதுதான். அந்தத் துரை காப்பித் தோட்டம் வாங்கி மலையேறுவதற்கு முந்தி சென்னையில் சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன், என் வாயில் நுழையவும் நுழையாது. படகு பழசாகி உடைத்துப் போட்டபோது, அதிலிருந்த பம்பு கக்கூஸை மட்டும் விட மனசில்லாமல் மலைக்குத் தூக்கிவரச் செய்துவிட்டார். ஒரு வகையில் புத்திசாலித்தனம்தான். பங்களாவில் உயரத் தொட்டி கிடையாது. படகுக் கக்கூஸுக்குத் தொட்டி வேண்டியதில்லை. கைப்பம்பே தண்ணீரை இழுத்துக் கழுவித் தள்ளிவிடும். பட்டணத்திலிருந்து குழாய் வேலைக்கார பிட்டர் ஒருவன் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நன்றாகத்தான் ஓடியது. ஆடி மாதத்துக்கு அப்புறம் என்ன அடித்தாலும் தண்ணீர் இறங்காமல் பீங்கானிலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது.

"துரைசானியம்மா முழங்காலு முறிஞ்சு, மடக்க முடியாமக் கிடக்கறாங்க. குந்தி உக்கார முடியாதுங்க, இந்தப் பீங்கான்லதான் ஆகும். சனிக்கிழமை சேலத்துலிருந்து துரை கூட்டியாராரு. அவிய வாறப்ப இது ஓடலீன்னா நீ ஓடிருன்னுட்டாருங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு நெனைக்கறாரு. பங்களாக் காட்டுக்குள்ளதானுங்க எங்க ஊடும் இருக்குது."

வேலை போனால் வீடும் போகும். அன்றைக்குப் புதன்கிழமை. நான் அப்போதே பையைத் தூக்கிவிட்டேன். கூலி பேசவில்லை. பேசியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியாது. என் தரம் அப்படி.

இனி வழி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலத்துக்குப் பஸ் அப்போது மூன்றணா. அங்கிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குப் பத்து மைல், மாட்டு வண்டிக்கு எட்டணா. வண்டிக்காரரிடம் கப்பல் கதை சொல்லிக்கொண்டே வந்ததில் அவர் ஓரணா குறைத்துக்கொண்டார். "போதுமுங்க, எறங்குங்க, மாடு தூங்குது" என்றுதான் சொன்னார். ஆனாலும் குறைத்தது குறைத்ததுதான்.

காரவள்ளியில் ஒத்தையடிப் பாதை தொடங்குகிறது. மேலே போக என் கணக்கில் பன்னிரண்டு மைல், சடையன் கணக்கில் நாலு. விடியக்காலை வெயிலுக்கு முந்தி ஏறிவிட வேண்டும். நடுவழியில் மூங்கில் புதருக்குள் ஒரு புலி என்னைப் பின்தொடர்ந்தது. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், நின்றுவிட்டது.

"அது எங்கூட்டு நாய்ங்க. என்னைத் தேடி வந்திருக்குது" என்றான் சடையன்.

அவன் பார்த்தது நாயாக இருக்கலாம். நான் பார்த்தது புலி.

மேலே ஏறியதும் காற்றே வேறு. சாமைக் கதிர் அறுத்த காடு, பலா மரம், மரமெல்லாம் ஏறிய மிளகுக் கொடி, நாரத்தையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்கும் வேலி. கார்த்திகை மேகம் நம் இடுப்பு உயரத்தில் குறுக்கே நடந்து போகும். பங்களா ஓர் ஓடைக்கு மேட்டில் இருந்தது. சடையனின் பெண்சாதி நல்லாயி கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். வாய் நிறையப் பேசுகிற பெண் என்று சடையன் சொல்லியிருந்தான். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. என் கீர்த்தியைக் கேட்டு மலைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குளியலறைக் கதவைத் திறந்தேன். அய்யா, என்னத்தைச் சொல்ல! வெள்ளைப் பீங்கான், பக்கத்தில் பித்தளைப் பம்பு, தேக்குக் கைப்பிடி. நான் எண்ணெய் விட்ட படகிலும் இதே வகைதான் இருந்தது. மூவாயிரம் அடி உயரத்தில், சுற்றிலும் காப்பிச் செடி, நடுவில் என் வாலிபம் பித்தளையாக உட்கார்ந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். துறைமுகத்துக் கரிப்புகையும் தார் வாசனையும் மீன் நாற்றமும் எங்கிருந்தோ வந்துவிட்டன. சடையன் நான் மந்திரம் போடுகிறேன் என்று நினைத்து வெளியே நின்றான்.

இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு கல்தொட்டி. கைப்பிடியை இழுத்தால் ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பீங்கானுக்கு வரும். தள்ளினால் பீங்கானில் உள்ளது இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். பத்து இழுப்பில் பீங்கான் பளிச்சென்று ஆக வேண்டும். இங்கே என் கை ஓய்ந்ததே தவிர, தண்ணீர் கல்யாண வீட்டில் சாப்பிட்டவன் மாதிரி எழுந்து போகவே இல்லை.

முதலில் பம்பைப் பிரித்தேன். உள்ளே தோல் வாசர் காய்ந்து அப்பளமாக இருந்தது. விளக்கெண்ணெயில் ஊறவைத்துத் திரும்பப் போட்டேன். கைப்பிடி வெண்ணெயாக ஓடியது, தண்ணீர் இறங்கவில்லை.

அடுத்து, பீங்கானுக்குப் பின்னால் குழாய் கொக்குக் கழுத்துப்போல் மேலே ஏறி வளைந்து இறங்கும். போன தண்ணீர் திரும்பி வராமலிருக்க அந்த ஏற்பாடு. வளைவின் உச்சியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை. அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். கொஞ்சம் முன்னேற்றம். போதாது.

மூன்றாவது, தண்ணீர் வரும் குழாயைக் கழற்றித் தட்டினேன். வெள்ளை வெள்ளையாகக் காறை உதிர்ந்தது. படகில் இருந்த காலத்துக் கடல் உப்பு, மலையேறியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

"இதுதாண்டா கடல். நாக்குல வெச்சுப் பாரு" என்றேன்.

"எந்தக் குழாயில வந்ததுன்னு தெரியாம நாக்குல வெக்கறதுக்கு நான் என்ன கப்பக்காரனுங்களா?" என்றான் சடையன்.

நாரத்தங்காய்ச் சாறு பிழிந்து ஊற்றி ஊறவைத்து, காறையைக் கரைத்தேன். தண்ணீர் இப்போது நன்றாக வந்தது. ஆனால் போகவில்லை. வருகிறது, போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? கோளாறு போகும் குழாயின் கடைசியில். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சடையனைத் தொட்டி நிரப்பச் சொல்லிவிட்டு, குழாய் போகும் தடத்தைப் பார்த்துக்கொண்டே தோட்டத்தில் இறங்கினேன். பட்டணத்துப் பிட்டர் படகு வழக்கப்படியே வேலை செய்திருந்தான். படகில் எல்லாம் நேராகக் கடலுக்குள் போகும். இங்கே கடல் இல்லை. அதனால் நேராக ஓடைக்குள் விட்டிருந்தான். கரையில் பெரணிச் செடி அடர்ந்த இடத்தில் குழாய் முனை இருக்க வேண்டும். விலக்கிப் பார்த்தேன்.

குழாய் வாயில் வைக்கோல் திரித்து இறுக்கிய ஒரு கட்டை அடித்திருந்தது. கட்டையில் விரல் நுழைகிற அளவு துளை. அதிலிருந்து நூலாக ஒழுகியதை ஒரு பானை வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் பானைகள், வாய் உடைந்தவை, எல்லாவற்றிலும் மேலே சாம்பல். ஓடையில் ஒரு சொட்டு விழவில்லை.

"எடுத்துப்போடாதீங்கண்ணா."

பின்னால் நல்லாயி நின்றாள். கையில் இன்னொரு பானை.

"இதெல்லாம் நீ செஞ்சதா அம்மணி?"

"நாந்தானுங்க. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பயந்துபோயி அன்னிக்கே புடுங்கியெறிஞ்சிருப்பாரு."

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்த ஓடை கீழே ஐயாற்றில் சேர்கிறது. ஐயாற்றங்கரை ஈசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் அவள் அப்பன் வீடு. அந்தத் துறையில் இருக்கும் மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். அங்கே மீனும் சாமிதான். ஆடித் திருவிழாவுக்குப் போனவள், மீனுக்கு நடுவில் தண்ணீரில் நிற்கும்போதுதான் மேலே பங்களாக் குழாய் எங்கே முடிகிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறாள். பாதி முழுக்கிலேயே கரையேறிவிட்டாள்.

"முழுசா அடைச்சா அன்னிக்கே தெரிஞ்சுபோகுமுங்க. தொறந்தே உட்டா பானை தாங்காது. அதான் மெல்ல ஒழுகற மாதிரி அடைச்சேன். வெடியால கொண்டுபோயி பலாமரத்தடியில ஊத்திப்போட்டு மண்ணத் தள்ளிருவேன். ஒத்தை ஆளு துரைக்குச் சமாளிச்சேனுங்க. இப்ப துரைசானியும் வாராங்க."

"துரைகிட்டச் சொல்றதுதானே?"

"சொல்றதுக்கு நாங்க யாருங்க? ஆடிக்கப்பறம் எங்கப்பன் ஊட்டுக்கே நான் போகலீங்கண்ணா. அந்த மீனு மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?"

கட்டையை உருவினால் ஒரு நொடியில் வேலை முடியும். சடையன் வேலையும் வீடும் நிற்கும், என் பெயரும் நிற்கும். உருவாவிட்டால் சனிக்கிழமையே இவர்கள் சட்டி பானையோடு ரோட்டில். நான் பெரிய பெரிய புயலில் எல்லாம் யோசித்தவன்; ஆனாலும் அந்தப் பெரணிச் செடிக்குள் கொஞ்ச நேரம் அதிகமாகவே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் போட்ட பானைகளைப் பார்த்த பிறகு அந்தக் கட்டையில் கை வைக்க எனக்கு வரவில்லை.

"மம்முட்டி இருக்கா?" என்றேன்.

ஓடையை விட்டு விலகிய மறுபக்கச் சரிவில், பலாமரத்துக்கு அப்பால், ஆழமாக ஒரு குழி வெட்டி உள்ளே கல் அடுக்க வேண்டும். இரும்புக் குழாயைத் தோட்டத்து மூட்டில் கழற்றிக் குழிப் பக்கம் திருப்ப வேண்டும். குறைகிற நீளத்துக்கு மூங்கில். சடையனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவன் பெண்சாதியைப் பார்த்தான், பானைகளைப் பார்த்தான்.

"தெனமும் வெடியால சாணி அள்ளப் போறேன்னுதான சொன்னே?"

"சாணிதான். மாட்டுச் சாணின்னு நான் சொன்னனா?"

அவன் மம்முட்டியை வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மூன்று பேரும் வெட்டினோம். முக்கால்வாசி நான்தான், வாயால். மூங்கில் கணுக்களைக் காய்ச்சிய கம்பியால் துளைத்து, மூட்டுக்குத் தேன்மெழுகும் துணியும் சுற்றினோம். தேன்மெழுகு யோசனை நல்லாயியுடையது, அதை நான் உடனே ஒப்புக்கொண்டு எனதாக்கிக்கொண்டேன்.

குழாயைக் கழற்றித் தோட்டத்தில் போட்டிருந்த நேரம். சனிக்கிழமை வர வேண்டிய துரை வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். பின்னால் டோலியில் துரைசானி, நீட்டின கால் முழுக்கக் கட்டு.

துரை தோட்டத்தைப் பார்த்தார். பாதி வெட்டிய குழி, திறந்து கிடக்கும் குழாய், முழங்கை வரை சேறான மூன்று பேர். முகம் சிவந்துவிட்டது.

"சடையன்! என்ன இது?"

சடையன் கையிலிருந்த மம்முட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நல்லாயி ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் குறுக்கே புகுந்தேன்.

"துரை, நான் கப்பல்ல எஞ்சின் பார்த்தவன். சடையன் மேல தப்பே இல்லீங்க. மாட்டின ஆளு தப்பு. கடல் தண்ணி உப்பு, கனமான தண்ணி. அதுக்குள்ள விட்டா உள்ளே வாங்கிக்கும். மலைத்தண்ணி லேசு. லேசான தண்ணி பாரத்தை ஏத்துக்காம வந்த வழியே திருப்பி அனுப்பும். அதான் பீங்கான் இறங்கல. இதோட விட்டா ஒருநாள் துரைசானியம்மா உக்காந்திருக்கும்போதே மொத்தமும் திரும்பி வந்துரும். மலையேறின குழாயை மண்ணுக்குள்ளதான் விடணும். ரங்கூன்ல எல்லா மலையிலும் இப்படித்தான்."

நான் ரங்கூன் போனதில்லை. அங்கே மலை இருக்கிறதா என்றும் தெரியாது.

"என் படகு ஆற்று முகத்துவாரத்திலும் நின்றிருக்கிறது. அது உப்பில்லாத தண்ணீர்" என்றார் துரை. துறைமுகத் தமிழ், நிதானமாக வந்தது.

"அது தரைமட்டத்துத் தண்ணீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஓடைப் பக்கம் இறங்கினார். பெரணிச் செடியைக் கைத்தடியால் விலக்குவது மேலிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். சடையன் தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை ஏறிவந்தார். சேறும் சாம்பலுமாக இருந்த நல்லாயியின் கைகளைப் பார்த்தார். குழிக்கு ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு ஆள் ஆழம் துரை" என்றேன்.

"போதாது. இன்னும் அரை ஆள் வெட்டு" என்றார். கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, மூங்கிலின் ஒரு முனையை அவரே தூக்கினார்.

பொழுது சாயும் முன் துரைசானி உள்ளே போனார்கள். நாங்கள் எல்லோரும் தோட்டத்தில் காது கொடுத்து நின்றோம். பம்புச் சத்தம் கேட்டது. பிறகு, களக் களக் என்று மூங்கிலுக்குள் தண்ணீர் ஓடிவந்து, குழிக்குள் இறங்கும் சத்தம். சடையன் ஓடிப்போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "மாசாமாசம் பம்புக்கு விளக்கெண்ணெய் விடு, அது உன் வேலை" என்று துரை அவனிடம் சொன்னார். வேலை நின்றதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

என் பேச்சை நம்பினாரா, பானையைப் பார்த்து மனசு மாறினாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. முக்கால் பங்கு என் பேச்சு, கால் பங்கு பானை. அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு இரண்டையும் கேட்க நேரம் இருந்தது. இப்போது துரையும் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் பித்தளைப் பம்பை மட்டும் யாராவது பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழை விட்டதும் போங்கள். ஐப்பசியில் பாதை வழுக்கும். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் காலில் தடவிக்கொள்ளுங்கள். அரிசியும் உப்பும் கீழிருந்தே கொண்டுபோங்கள், கம்பளி அவசியம். யாராவது பங்களாவில் இதுபோன்ற பம்பு கக்கூஸ் மெதுவாக ஓடினால் முதலில் வெளியே போகும் முனையைப் பாருங்கள். நான் மற்ற இடங்களை முதலில் பார்த்தது என் அனுபவத்தால்; நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். தேவனூர் நாட்டிலிருந்து ஐயாற்றுக் கோயிலுக்கு ஒரு முழுப்பகல் நடை. தண்ணீரில் இறங்குமுன் சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

நான் சடையனோடும் நல்லாயியோடும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தேன். துறையில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நான்தான் முதலில் இறங்கினேன். கை நிறையப் பொரி. மீன்கள் என்னை நோக்கித் திரண்டு வந்தன, கொஞ்சம் தள்ளியே நின்றன, திரும்பிவிட்டன.

"உங்க காலெல்லாம் விளக்கெண்ணெய் நாத்தமுங்கண்ணா" என்று கரையில் நின்று சிரித்தாள் நல்லாயி. அந்த நாலு நாளில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சடையன் அவளைப் பார்த்து, "எறங்கேன்" என்றான்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தாள். நின்றாள். மறுகாலையும் வைத்தாள். பொரிகூடப் போடவில்லை. முழங்கால் வரை போய் அசையாமல் நின்றாள். கறுப்பு முதுகுகள் ஒவ்வொன்றாக வந்து அவள் காலைச் சுற்றி மூக்கால் தொட்டன. அவள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டாள்.

என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பொரியைச் சடையன் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினேன்.